இறங்கத் தெரியாத சித்தி

நேற்று எங்கள் குடியிருப்பு வாசலில் ஒரு சின்னப் பெண் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரம் கிர்ரென்று சுற்றும் அந்தச் சத்தத்தில் ராஜபாளையத்துக் கோடை லீவு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த லீவில் எனக்கும் அண்ணனுக்கும் மூச்சுவிட நேரமில்லை. காலையில் கிணற்றுக் குளியல், பிறகு மாந்தோப்பு, வெயில் தாழ்ந்ததும் சைக்கிள். தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த சித்தியும் சேர்ந்துகொண்டாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் சைக்கிள் பழகிவிட வேண்டுமென்று ஒரே பிடிவாதம்.

ஒரு சாயங்காலம், பின்னால் பிடித்திருந்த கையை அண்ணன் எடுத்ததும், சித்தி நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறிவிட்டாள். இன்னொரு சைக்கிளில் அண்ணன் மிதிக்க, நான் கேரியரில் உட்கார்ந்திருக்க, பின்னாலேயே துரத்தினோம்.

“சித்தி, நில்லுங்க” என்று கத்தினேன்.

“எனக்கு எறங்கத் தெரியாதுட்டி” என்றாள் திரும்பாமலே.

லாரிகள் உரசிக்கொண்டு போயின. தாவணி சக்கரத்தில் சிக்கிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தியோ புளியமரங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில் அவள் திரும்பிய கோயில் தெரு காலியாகக் கிடந்தது. அண்ணன் முந்திப் போய், எங்கள் சைக்கிளை என்னிடம் விட்டுக் குதித்து, அவளுடைய ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினான்.

சித்தியின் முகமெல்லாம் புழுதி.

“பஸ்ல போயிருங்க சித்தி. சைக்கிள நாங்க கொண்டாறோம்” என்றான் அண்ணன்.

அவள் சற்று நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சொன்னாள்:

“ஏலே, ஏத்தி மட்டும் விடு. நம்ம வீட்டு வாசல்ல வந்து பிடிச்சுக்கோ.”