கங்கா தூக்கிப் பார்த்த பெட்டிகள்

மூன்று வயதில் வந்த வாந்திபேதியிடமிருந்து உயிரை வென்றாள். தெருவுக்கே ஒரு குழாய் இருந்த காலத்தில், நகராட்சி ஆபீஸ் வாசலில் பதினொரு நாள் உட்கார்ந்து, வீட்டு வாசலுக்கு ஒரு குழாயை வென்றாள். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவள், மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் நாற்பது பெண்களுக்குள் முதல் இடத்து முறத்தை வென்றாள். இனிக் குடிப்பதில்லை என்ற சத்தியத்தைக் கணவன் ஆறுச்சாமியிடமிருந்து வாங்கியதோடு, அவனை அதைக் காப்பாற்றவும் வைத்தாள். இத்தனையும் வென்ற கங்கா, சனிக்கிழமை மதியம் அரைநாள் வேலை முடிந்ததும் பஜார் ரோட்டில் முகமது இஸ்மாயிலின் கடைக்குள் நுழைந்து, ஒரு ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பாள். விலை கேட்பதில்லை. பாட்டுப் போடச் சொல்வதில்லை. முதலில் தூக்குவாள்.

"எந்தா கங்கா, பிள்ளையா இது, தூக்கிக் கொஞ்சறதுக்கு?" என்பார் இஸ்மாயில்.

"பிள்ளைன்னா தூக்கிப் பாக்காமலே எடுத்துக்குவேன் இக்கா. இது காசு கொடுத்து வாங்கறதாக்கும்."

சுக்குக் கிடங்கில் கண் இரண்டாம் பட்சம். மேல்தோல் வெளுப்பாக, சுண்ணாம்பு பூசி அழகாக இருக்கும் துண்டு உள்ளே பூச்சி தின்று பொக்காக இருக்கும். கருத்துச் சுருங்கிய துண்டு கையில் கனக்கும். கங்காவின் உள்ளங்கை அதை எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடும். ஆம்ப்ளிஃபயருக்கும் அதே கணக்குத்தான் என்பது அவள் கட்சி. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் கனமாக இருந்தால்தான் சத்தத்துக்குத் தெம்பு இருக்கும். அது இஸ்மாயிலே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் எந்தப் பெட்டி எத்தனை கனம் என்பது இப்போது அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தூக்கிப் பார்த்த பிறகு, பாட்டு எதுவும் போடாமல் சத்தத்தை முழுக்கத் திருகச் சொல்வாள். ஸ்பீக்கர் துணியில் காதை வைத்து, வெறும் இரைச்சலைக் கேட்பாள்.

"பாடும்போது எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது என்ன முனகுதுன்னு பாக்கணும்."

இத்தனை சோதனையும் ஆறுச்சாமிக்காக. துறைமுகத்தில் கப்பல் அடிப்பகுதியில் தொங்கிக்கொண்டு, சுத்தியலால் துரு தட்டும் வேலை அவனுக்கு. பதினாறு வருடம் இரும்பைத் தட்டியதில் காது மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. லாரி வருவது கேட்கும், பேச்சுக் கேட்காது. கறுப்பு வெள்ளை டி.வி. ஒன்று வாங்கினார்கள். படம் ஓடும்போது வீட்டில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்து அவனும் சிரிப்பான். அந்தத் தாமதச் சிரிப்பைத்தான் கங்காவால் தாங்க முடியவில்லை. டி.வி.யின் சத்தத்தை நல்ல ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தால் பேச்சுத் தெளியும் என்று இஸ்மாயில் சொன்னார். கையில் சேரும் பணமோ ஒரே ஒரு பெட்டிக்குத்தான் காணும்.

அந்த ஒரு பெட்டியை அவள் ஏற்கெனவே ஒருமுறை தவறாக வாங்கியிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், படகேறி எர்ணாகுளம் போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். வாங்கி வந்தாள். வீட்டில் போட்டபோது ஓட்டைத் தகரத்தில் மழை பெய்தது போல ஒரு சத்தம். இஸ்மாயில் மூடியைக் கழற்றினார். உள்ளே காகிதம் சுற்றி ஒட்டப்பட்ட அரைச் செங்கல். ஈரச் சுக்கையும் மண் கலந்த சுக்கையும் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பவளைச் செங்கல் ஏமாற்றிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனவளிடம் கடைக்காரன் ஒரு தாளை நீட்டினான். பொருளைச் சோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், திருப்பித் தரமாட்டேன் என்று அச்சடித்திருந்தது. கீழே கங்காவின் கட்டைவிரல் ரேகை.

"பில்லுன்னு சொன்னான் அக்கா. நான் விரலை வச்சிட்டேன்" என்றாள் வீட்டுக்கு வந்து.

அக்கா சீதாலக்ஷ்மிக்கு எழுத்துத் தெரியும். வீட்டில் ஒரு பெண்ணைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. மூத்தவள் ஆறாவது வரை போனாள். இளையவள் எட்டு வயதில் முறத்தைப் பிடித்தாள். அதே கிடங்கில் மூட்டைகளின் மேல் கறுப்பு மையால் ஊரும் தரமும் எழுதுவது சீதாலக்ஷ்மியின் வேலை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கிழிந்த சாக்குத் துண்டில் தூரிகையால் க, ங், கா என்று மூன்று எழுத்து எழுதித் தங்கை முன் போட்டாள். கங்கா அதைப் பார்த்து எழுதினாள். ஆறு மாதத்தில் சாக்கைப் பார்க்காமலே எழுதினாள். ஆனால் சனிக்கிழமைக் கூலி ரிஜிஸ்டரில் மட்டும் விரலைத்தான் வைப்பாள். வைத்துவிட்டு, புடவையில் இடுப்போரம் துடைத்துக்கொள்வாள். அவளுடைய எல்லாப் புடவையிலும் அந்த இடத்தில் நீலக் கறை உண்டு.

"எத்தனை பேரு பாத்திட்டு நிக்கறாங்க. கோணலாப் போனா?" என்பாள்.

இந்த வருடம் ஓணம் போனஸ் வந்தது. அவள் கழித்தது போக இஸ்மாயில் கடையில் இரண்டு பெட்டி மிஞ்சின. ஒன்று புத்தம் புதியது. பாட்டுக்கு ஏற்ப சிவப்பு விளக்குகள் துள்ளும். முகப்பில் பொன்னெழுத்தில் இருநூறு வாட்ஸ். மற்றது வளைகுடாவிலிருந்து திரும்பிய யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில். ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஒரு திருகு குமிழ் இல்லை. முப்பத்தைந்து வாட்ஸ். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். சீதாலக்ஷ்மி இரண்டின் விவரத்தையும் நோட்டில் கோடு போட்டு எழுதியிருந்தாள்.

"இருநூறு எங்கே, முப்பத்தஞ்சு எங்கேடி? எழுதியே வச்சிருக்கான்."

கங்கா பொன்னெழுத்துப் பெட்டியை ஒரு கையால் தூக்கி இறக்கினாள். "பொக்கு. எழுதறவன் எத்தனை வேணாலும் எழுதலாம். நீ தினமும் மூட்டையிலே ஒண்ணாந்தரம்னு எழுதறியே அக்கா, உள்ளே எல்லாம் ஒண்ணாந்தரமா?"

இஸ்மாயில் சிரித்துவிட்டார். சீதாலக்ஷ்மி நோட்டை மூடினாள்.

நசுங்கிய ரிசீவரைக் கங்கா வலது மூலையில் பிடித்துத் தூக்கினாள், பிறகு இடது மூலையில். செங்கலுக்குப் பிறகு கற்றுக்கொண்டது இது. கனம், டிரான்ஸ்பார்மர் இருக்க வேண்டிய பக்கமாகச் சாய்ந்தது. "மூடியைக் கழத்துங்க இக்கா."

"எடி, என் கடையிலேயும் செங்கல் தேடறியா?"

"உங்க கடையிலே இல்லேன்னு நாலு பேருகிட்ட நான் சொல்ல வேண்டாமா?"

கழற்றினார். டிரான்ஸ்பார்மர் முழுத் தேங்காய் அளவு இருந்தது. ஆனாலும் அவள் முடிவு சொல்லவில்லை. கடை டேப் ரிக்கார்டரில் தன் குரலைப் பதிவு செய்யச் சொன்னாள். பிறகு போய் ஆறுச்சாமியை அழைத்து வந்தாள். தெருவைப் பார்த்து ஸ்டூலில் அவனை உட்காரவைத்து, தானும் கடைப்படியில் இறங்கி அவனுக்கு எதிரே நின்றுகொண்டாள். ஸ்பீக்கர்கள் அவன் முதுகுக்குப் பின்னால்.

முதலில் இருநூறு வாட்ஸில் போட்டார்கள். விளக்குகள் துள்ளின. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆறுச்சாமி வானத்தை நிமிர்ந்து பார்த்து, "மழை வருதா?" என்றான்.

ரிசீவருக்கு மாற்றினார் இஸ்மாயில். பாஸ் என்ற கனத்த சத்தத்தைக் குறைத்து, டிரெபிள் என்ற மெல்லிய சத்தத்தைக் கூட்டினார். டேப் திரும்ப ஓடியது.

"ஏய் மனுசா, உங்களைத்தான். சாயா ஆறிப்போகுது. எத்தனை வாட்டி விளிக்கறது?"

ஆறுச்சாமி திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே, "ஆறட்டும்டி, இப்பத்தானே குடிச்சேன்" என்றான். சொன்ன பிறகுதான் எதிரே கங்கா வாயை மூடிக்கொண்டு நிற்பதைக் கண்டான். அவள் வாயைப் பார்த்தான். பின்னால் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான். "இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றான். இஸ்மாயில் மூன்று தடவை போட்டார். மூன்றாவது தடவை, டேப் பேசி முடிக்கும் முன்பே அவன் சிரித்தான்.

கங்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியேறினாள். "மதி, இது போதும். கட்டிக் கொடுங்க இக்கா."

பணம் எண்ணி முடித்ததும், இஸ்மாயில் ஆறு மாத கேரண்டிச் சீட்டையும் பக்கத்தில் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். கங்கா மைப்பெட்டியைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினாள்.

"அக்கா, வாசி."

சீதாலக்ஷ்மி வாசித்தாள். கெட்டுப்போனால் கடையே பழுது பார்த்துத் தரும். வேறு நிபந்தனை இல்லை.

"இன்னொரு வாட்டி."

மறுபடி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். கங்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். கடையில் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூட்டை எழுத்து அளவுக்குப் பெரிதாகத்தான் அவளுக்கு எழுத வரும். மூன்று எழுத்தும் சீட்டின் கோட்டைத் தாண்டி விலை எழுதிய இடம் வரை போயின. ஒன்றும் கோணவில்லை. பேனாவை வைத்துவிட்டு, கட்டைவிரலைப் புடவையில் இடுப்போரம் அழுத்தித் துடைத்தாள். விரலில் மை இல்லை.

தேதி போடும் இடம் காலியாக இருந்தது. சீதாலக்ஷ்மி அதைத் தன் அழகான கையெழுத்தில் நிரப்பினாள்: 29.8.1987.