கீழ்ப்பாதியில் நிற்கும் கார்

குமரன் மாமா இறந்த செய்தி வந்தபோது என் கையில் ஒரு கேம் கன்ட்ரோலர் இருந்தது. இன்னொன்றை அவர் உட்காரும் இடத்தில் எடுத்து வைத்திருந்தேன். அப்பா போனில், "எந்த ரோட்ல? எந்த ரோட்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தங்கியது எங்கள் வீட்டில். அவரோடு வேலை செய்த அண்ணன்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். லீவு நாட்களில் வந்து அந்தப் பழைய கார் ரேஸை ஆடியவர்கள் நீங்கள். மாமா பள்ளியில் படித்தபோது வாங்கியது. அதில் மரங்கள்கூட அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். ஆனாலும் புது கேம்களை விட்டுவிட்டு இதற்கே திரும்பி வருவோம். புது கேமில் முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ ஆடுவார்கள். இதில் இருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். திரை இரண்டாகப் பிரியும். மேல்பாதி எனக்கு, கீழ்ப்பாதி மாமாவுக்கு.

ஒருமுறை அவர் காரைச் சுவரில் தள்ளிவிட்டு முந்தினேன்.

"அலமாக்! மாமாவ இடிச்சிட்டு ஒரு சாரி கூட இல்லையா லா?"

"ரேஸ்ல யாரு சாரி சொல்லுவா? நீங்க ரொம்ப ஸ்லோ மாமா."

"ஸ்லோ இல்ல பாப்பா. ஊரைச் சுத்திப் பாக்குறேன்."

வளைவுக்கு வளைவு பிரேக் பிடிப்பார். 'பஸ் டிரைவர்' என்று நீங்கள்கூடக் கேலி செய்வீர்கள். மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான். மழை வந்தால் எல்லோரையும்போல் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார். மற்றவர்கள் போன பிறகும் நிற்பார். டியூஷனிலிருந்து அழைத்து வரும்போது நான் அவசரப்படுத்தினால், "சீக்கிரம் போனா பரிசுக் கப்பா குடுக்கப் போறாங்க?" என்பார்.

துக்க வீட்டில் அப்பா எல்லோரிடமும், "கேம் ஆடி ஆடி ரோட்லயும் ரேஸ் ஓட்டிட்டான்," என்றார். சாலையில் பந்தயம் விடும் பையன்களைச் சொல்வதுபோல், பக்கத்து வீட்டு அங்கிள் அவரை 'மாட் ரெம்பிட்' என்றார். நீங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நானும் பேசவில்லை.

விபத்து நடந்த அன்று மாமா பாலத்துக்கு அடியில் நின்றுதான் செய்தி அனுப்பினார்: "செம மழை. விட்டதும் வரேன்." நான் பதில் போட்டேன்: "வீட்ல யாரும் இல்ல மாமா. பயமா இருக்கு." அது பொய். அப்பா அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு விளையாட வேண்டும், அவ்வளவுதான். மாமா வேகமாக வந்திருந்தால், அது பந்தயத்துக்காக இல்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்துவிட்டு கேமைப் போடுகிறேன். ஒருவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் முழுத்திரையும் எனக்கே கிடைக்கும். என்னால் முடியவில்லை. இருவர் ஆட்டத்தில் என் கார் எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் பந்தயம் முடிவதில்லை. கீழ்ப்பாதியில் மாமாவின் கார் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. கேம் அதற்காகக் காத்திருக்கிறது. விடிவதற்குள் அணைத்துவிடுகிறேன்.

மாமாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய கடைசிச் செய்தி: "பயப்படாத பாப்பா. கிளம்பிட்டேன்." யாருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் இல்லை. நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். நீங்கள் வருவீர்கள். அப்பாவின் முன்னால் என் போனை உங்கள் கையில் கொடுப்பேன். நான் அனுப்பியதிலிருந்து படியுங்கள். சத்தமாகப் படியுங்கள்.