ஐந்து சீட்டிலும் திருடன்

ஒரு திருடனைப் பிடிப்பதற்காக ஐந்து சீட்டிலும் ‘திருடன்’ என்று எழுதிக் குலுக்கிப் போட்டவன் நான். இது பெரிய மூளை என்று வேறு நம்பினேன். அந்த யோசனை வந்ததற்கு மறுநாள் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டே ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. அதற்கு மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் வாங்கிய ஏச்சு தனிக் கணக்கு.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், சுவாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். எனக்கு இருபதைத் தாண்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை, பொறுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு சைக்கிள் மட்டும். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் கோப்பைக்கு வராமல் பட்டையெல்லாம் வழியும். அதனால் விடியற்காலை மழையென்றால், பேர் கொடுக்கும் பெரட்டுக் கொட்டகையிலேயே எல்லாரும் குந்திக் கிடப்போம். மழை விட்டால் வேலை உண்டு. விடாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் விளையாட்டு.

மற்ற ஊர்களில் ராஜா, ராணி, மந்திரி என்று சீட்டு எழுதுவார்களாம். நாங்கள் ராஜாவை எங்கே பார்த்தோம்? எங்களுக்குத் தெரிந்த ஆட்களையே எழுதினோம்: துரை, கிராணி, மண்டோர், ஜாகா, திருடன். கிராணி என்றால் ஆபீஸ் கணக்கப்பிள்ளை, ஜாகா என்றால் காவல்காரர். ஐந்தையும் மடித்து ஒரு காலிப் பால் கோப்பையில் போட்டுக் குலுக்கி நடுவில் கொட்டுவோம். ஆளுக்கொன்று. ஜாகா சீட்டு வந்தவர் மட்டும் “நாந்தான் ஜாகா” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மற்ற நான்கு பேரும் மூச்சு விடக் கூடாது. ஜாகா ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார். யாரும் என்ன பொய்யும் சொல்லலாம். கடைசியில் ஒருவரைக் கைகாட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் திருடன் அன்றைக்கு எல்லாருடைய வாளியையும் சுமப்பான். தப்பாகக் காட்டினால் திருடன் பட்டம் ஜாகா தலையில் ஏறும், வாளியும் அவருக்குத்தான்.

யாரையும் காட்டாமல் இருக்க முடியாது. அது விதி.

இந்த ஆட்டத்தில் என்னை மாதிரி உதவாக்கரை தோட்டத்திலேயே கிடையாது. திருடன் சீட்டு வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். துரை சீட்டு வந்தாலும் அதே சிரிப்பு. அதனால் ஜாகா யாராக இருந்தாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பார். அதிலும் ஒருவர், சீட்டைப் பிரித்த கையோடு, கேள்வியே கேட்காமல் “இவன்தான்” என்று என் நெற்றிக்கு நேரே விரலை நீட்டுவார். பாதி நாள் தப்பாகிவிடும். வாளி சுமப்பார். மறு மழைக்கும் அதே விரல், அதே நெற்றி.

அவர்தான் எங்கள் தோட்டத்தின் நிஜ ஜாகா.

ஸ்டோருக்கு இரவுக் காவல் அவர். விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் எங்களோடு வந்து உட்காருவார். வீட்டுக்குப் போனால் மனைவிக்குக் கால் பிடித்துவிட வேண்டும். அந்த அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. லய வரிசையின் கோடி வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்தில் பிறந்த கோழிக்குக்கூடத் தெரியும்.

அந்த வருஷம் ஸ்டோரிலிருந்து ஒட்டுப்பால் மூட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன. கோப்பையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலைப் பிய்த்துச் சேர்த்த மூட்டைகள். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் வெளியே வாங்க ஆள் உண்டு.

“பூட்டு ஒடையல, சன்னலு ஒடையல. மூட்டைக்கு என்னா றெக்கையா மொளைச்சிச்சி?” என்றார் எங்களோடு விளையாடும் அக்கா. பக்கத்து நிரையில் மரம் வெட்டுபவர். வாய் அவருக்கு வெட்டுக்கத்தியைவிடக் கூர்மை.

“சாவி எத்தனண்ணே இருக்கு?” என்று கேட்டேன்.

“ரெண்டு,” என்றார் ஜாகா. “ஒன்னு என் இடுப்புல.”

இன்னொன்று யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. கிராணியிடம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் விளையாட்டில் கிராணி சீட்டு எடுத்தவன் திருடனாக இருக்க முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுத்தானே. அதையே விளையாடிப் பழகிய புத்தி எங்களுக்கு.

துரை கெடு வைத்துவிட்டார் என்று கிராணி வந்து சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஜாகா ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர்தான் எடுத்தார் என்று ஆகும்.

அன்று மத்தியானம் ஜாகா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “நாலு பேரு மொகத்தப் பாத்துத் திருடன் யாருன்னு கண்டுபிடிக்கத் தெரியலையேடா எனக்கு. எப்படிலா பாக்குறது?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். கண்ணைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. அப்போது உதித்ததுதான் அந்த மகா யோசனை.

“அஞ்சுலயும் திருடன்னு எழுதிடுவோம்ணே. உண்மையா எடுத்தவன் நம்ம கூட்டத்துல இருந்தா, சீட்டப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துரும்.”

“நம்ம கூட்டத்துலயா?”

“எங்கேயோ ஒரு எடத்துல தொடங்கணும்ல.”

அவர் தலையாட்டினார். என்னிடம் யோசனை கேட்கும் அளவுக்கு ஒரு மனிதருக்கு நிலைமை முற்றியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மழை. நான், ஜாகா, அக்கா, தொந்தி பெருத்த ஒரு வெட்டுக்காரர், லோரியில் மூட்டை ஏற்றும் கெலிண்டான். ஐந்து பேர். குலுக்கிக் கொட்டினேன். எடுத்தார்கள். பிரித்தார்கள். மடித்தார்கள்.

யாரும் பேசவில்லை.

நான் யோசிக்காத இடம் அதுதான். ஜாகா சீட்டு இருந்தால்தானே ஒருவர் வாய் திறப்பார்? எங்கள் இருவரைத் தவிர ஒவ்வொருவரும் தான்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டு, எவன் ஜாகாவோ என்று மற்றவர் முகத்தைப் பார்க்கிறார்கள். தகரத்தில் மழை அடிக்கிறது. தொந்திக்காரர் காலை மாற்றிப் போட்டார். கெலிண்டான் காதைச் சொறிந்தான். அக்கா தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினார். எழுதியவனான நானே என் சீட்டை இன்னொரு தடவை பிரித்துப் பார்த்துக்கொண்டேன். எல்லா முகமும் திருட்டு முகமாகத்தான் இருந்தது. அதில் ரொம்பத் திருட்டு முகம் ஜாகாவுடையது. பாவம், அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாரையும் மெனக்கெட்டு உற்றுப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் குடையோடு கிராணி உள்ளே வந்தார். “என்னா, எழவு வூடு மாதிரி ஒக்காந்திருக்கீங்க?” என்று ஜாகா கையிலிருந்த சீட்டை உருவிப் பிரித்தார். படித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சரியான ஆளு கைக்குத்தான்யா வந்திருக்கு.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தன் சீட்டைப் பிரித்து அவர் முன்னால் போட்டார். “எனக்குந்தான் திருடன் வந்திருக்கு. இந்தாங்க, பாருங்க!”

தொந்திக்காரரும் போட்டார். கெலிண்டானும் போட்டான். கிராணி எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

“அப்ப எல்லாரும் கூட்டா?”

நால்வரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு, வேறென்ன, சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வரும் சிரிப்பு. கிராணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜாகாவின் தோளைத் தட்டி, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: “எதுக்குய்யா கஷ்டப்படுற? இந்தா இளிக்கிறான் பாரு, இவன் பேரச் சொல்லிட்டுப் போ. பொண்டாட்டியா, புள்ளையா? சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடிடுவான். ஒனக்கு வூடு மிஞ்சும்.”

வெள்ளிக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜாகா என்னைக் காட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை மழைக்கு எத்தனை தரம் காட்டிய விரல். பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்தேன். காட்டினால்தான் என்ன, அந்த அம்மா படுக்கிற இடமாவது மிஞ்சுமே என்று ஒரு பக்கம் நினைப்பு வரும். அடுத்த நிமிஷமே, ஐயோ, திருடன் என்று பெயர் வாங்கினவனை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பான் என்று பெட்டியை மறுபடியும் கட்டிலுக்கடியில் தள்ளுவேன்.

வெள்ளிக்கிழமை ஜாகா ஆபீசுக்குள் போனார். நாங்கள் பால் நிறுக்கும் இடத்தில் வாளிகளோடு நின்றோம். வெளியே வந்தவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் படியில் வைத்தார். யார் பெயரையும் சொல்லவில்லை என்று ஆபீஸ் கூட்டுகிறவர் வந்து சொன்னார். விதிப்படி பட்டம் அவர் தலையில் ஏறியது.

அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி லோரியில் ஏற்றியது நானும் தொந்திக்காரரும். நாற்காலி கனமாக இருந்தது, அம்மாவிடம் கனமே இல்லை. லோரியின் பின்புறம் கட்டிலும் ஒரு சட்டிபானைச் சாக்கும் ஜாகாவும். பாரோயில் உறவுக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்திருப்பதாகச் சொன்னார். ஜாகா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் போன பிறகும் மூட்டைகள் குறைந்துகொண்டுதான் இருந்தன. நாங்கள் அதன் பிறகு அந்த விளையாட்டை ஆடவில்லை. மழை பெய்தால் சும்மா மழையைப் பார்த்தோம்.

சில வருஷம் கழித்து நானும் தோட்டத்தை விட்டு, செனாவாங்கில் ஒரு பேக்டரியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தேன். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்திருந்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து பேக்டரி கேட்டில், காக்கிச் சட்டை தொளதொளக்க, அவர் நின்றார். மறுபடியும் ஜாகா. மோட்டாரை நிறுத்திவிட்டு அம்மாவைக் கேட்டேன்.

“பாரோய்க்கு வந்த வருசமே போயிட்டா. அந்த ரூம்ல காத்து இல்ல,” என்றார். வேறு யாருடைய வீட்டுச் செய்தியோ போலச் சொன்னார்.

இத்தனை நாளாக அவர் என் மேல் வைத்திருந்த பாசத்தை நினைத்து உருகிக் கிடந்தவன் நான். தனக்கு வீடு போனாலும் பரவாயில்லை, பையன் பிழைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார் மனுஷன். அதை ஒரு தடவை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை.

“அண்ணே, வெளையாட்டுல எப்பவும் என்னத்தானே காட்டுவீங்க? அன்னிக்கி ஆபீஸ்ல ஏண்ணே காட்டல?”

லோரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறந்து விட்டு, மூடி, கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

“ஒரு துண்டுச் சீட்ட ஒளிக்கத் துப்பில்லாத பய நீ. ஒன்னப் போயி மூட்டையத் தூக்குனான்னு சொன்னா எவன்டா நம்புவான்?”