கடைசிப் படியை எடுத்தவர்

ஆபீஸில் அவருக்குப் படிக்கட்டு என்று பெயர். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, அவர் பார்க்கும் வேலைக்காக வந்தது. அந்தக் கம்பெனியில் லீவு கேட்டாலும், நாற்காலி கேட்டாலும், வேலையை விட்டுப் போனாலும் விண்ணப்பம் ஒரு மென்பொருளுக்குள்தான் நகரும். முதலில் ஒருவரிடம், அவர் சரி என்றால் அடுத்தவரிடம், பிறகு கணக்குப் பிரிவுக்கு என்று படிப்படியாகப் போகும். அந்தப் படிகளைக் கட்டுவதும் இடிப்பதும் மாற்றுவதும் அவர் பொறுப்பு. திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது என்பதால் மென்பொருளுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் ஏபிஐ கருவி ஒன்றை வைத்திருந்தார். எந்தப் படி, என்ன மாற்றம் என்று நாலு வரி எழுதி ‘அனுப்பு’ என்று அழுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடும்.

இந்த வேலை அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. முன்பிருந்த கம்பெனியை மூடியபின் இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தார். நாற்பத்தெட்டு வயதுக்காரரை யார் சீந்துவார்கள்? மனைவிதான் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று குடும்பத்தை இழுத்தாள். அவள் காலில் நரம்பு சுருண்டுகொண்டது அப்போதுதான். அவளுடைய அண்ணன் உதவிக்கு ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. “நம்ம மாப்பிள்ளை கொடுத்து வச்சவர், வீட்டுலயே ராஜா மாதிரி இருக்கார்” என்று நாலு பேர் நடுவில் மட்டும் தவறாமல் சொல்லுவார். இந்த வேலை கிடைத்த அன்று மனைவி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“இதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. இன்னொரு தடவை என்னால நிக்க முடியாது” என்றாள்.

அவரும் உடும்புப் பிடியாகத்தான் பிடித்திருந்தார்.

அன்று காலை மேனேஜர் கூப்பிட்டார். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னப் பெண், ஆனாலும் மரியாதை தெரிந்தவர்.

“சார், வேலையை விட்டுப் போறவங்களுக்கு ஒரு ஃப்ளோ இருக்கில்ல, அதுல கடைசிப் படியை எடுக்கணுமாம். ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

ஒரு நாள் பொறுத்திருந்து, ‘நிஜமாகவே இவரை அனுப்பிவிடலாமா?’ என்று மேனேஜரிடம் இன்னொரு முறை கேட்கிற படி அது. கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் திருதிருவென்று முழித்தவர்களைப் பார்த்துவிட்டு, அவரே யோசித்து வைத்தது.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே மேடம். யாருக்கு என்ன நஷ்டம்?”

“லேட்டாகுதாம் சார். இப்ப எல்லாம் சீக்கிரம் நடக்கணுமாம்.”

இப்ப என்ன அவசரம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மென்பொருளுக்கு டெஸ்ட், லைவ் என்று இரண்டு பிரதிகள் உண்டு. டெஸ்ட்டில் என்ன கூத்தடித்தாலும் யாருக்கும் சேதமில்லை. லைவில் நடப்பதெல்லாம் நிஜம். எதில் வேலை செய்கிறோம் என்பதைக் கருவியின் மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் யாரோ லீவு விண்ணப்பம் சிக்கிக்கொண்டது என்று புலம்ப, லைவுக்குப் போய் அதைச் சரிசெய்து கொடுத்தவர், பெட்டியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் தூக்கிவிட நாலு பேர் வருவார்கள்.

கடைசிப் படியை எடுத்தாயிற்று. சரியாக எடுபட்டதா என்று பார்க்க, யாரையாவது பொய்யாக ஒருமுறை வேலையை விட்டு அனுப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஊழியர் எண் தேவை. பக்கத்து நாற்காலியில் டீச்சர் இருந்தாள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். புருஷன் கைவிட்டுப் போனபின் மகளை ஒற்றை ஆளாகப் படிக்க வைக்கிறவள்.

“டீச்சர், உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா? டெஸ்ட்டுதான்.”

“ஐயையோ, வேணாம் சார்! விளையாட்டுக்குக்கூட என்னை அனுப்பாதீங்க. வாய் முகூர்த்தம் பலிச்சிடும்.”

எதிர் நாற்காலிக்காரன் அப்போதுதான் ஞாபகம் வந்தவன்போலத் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

அடுத்தவர் மனசு கோணாமல் எதையும் தன் தலையில் போட்டுக்கொள்கிற சுபாவம் அவருக்கு. தன் எண்ணையே போட்டு, நடுவில் வரும் ‘சரி’களையும் தானே கொடுத்து அனுப்பினார். வெற்றி என்று பச்சையில் பதில் வந்தது. கூடவே போனும் சிணுங்கியது. ‘இதுநாள்வரை எங்களுடன் பணியாற்றியதற்கு நன்றி.’

“பாருங்க, மரியாதையாத்தான் அனுப்புறாங்க” என்று டீச்சரிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. டெஸ்ட்டிலிருந்து போனுக்குச் செய்தி வராது.

மூலையைப் பார்த்தார். லைவ்.

நிறுத்தலாம் என்று கை போவதற்குள் திரை அவரை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் போட்டால் ‘இப்படி யாரும் இல்லை’ என்றது. மின்னஞ்சல் போயிற்று. சம்பளப் பட்டியலில் பெயர் போயிற்று. காப்பீடு போயிற்று. அத்தனை படியும் அவர் கட்டியது, ஒன்றுகூடச் சொதப்பவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர், ஆனால் இத்தனை நேர்த்தியாக வைத்துக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

“உங்க ஊழியர் எண் சொல்லுங்க சார்.”

சொன்னார்.

“இது செல்லாத எண். ஊழியர்களோட புகாரை மட்டும்தான் நாங்க எடுத்துக்க முடியும்.”

“அதான் தம்பி புகாரே! நான் ஊழியர்தான். இங்கதான் உட்கார்ந்திருக்கேன்!”

“புரியுது சார். ஆனா புகார் பதியணும்னா எண் வேணும்.”

கடைசியில் டீச்சர் தன் எண்ணைக் கொடுத்துப் புகார் செய்தாள். போனவரைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, புதிதாக ஆள் எடுக்கும் ஃப்ளோவில்தான் வரவேண்டும், அதன் முதல் படி ஹெட் ஆபீஸ் என்று பதில் வந்தது. முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று வெளியே போனவருக்குத் திரும்பி வரக் கதவு திறக்கவில்லை. காவலாளிதான் திறந்துவிட்டார்.

“என்ன சார், கார்டை வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்களா?”

ஆமாம் என்று பொய் சொன்னார். உண்மையைச் சொன்னால் உள்ளே விடாமல் போய்விடுவாரோ என்று பயம்.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் ஹெட் ஆபீஸோடு நெடுநேரம் பேசினார். பிறகு அவரைக் கூப்பிட்டார்.

“மேடம், ஒரே ஒரு வரி. என்னை உள்ள விட்டா நானே சரிபண்ணிடுவேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க சார். உங்ககிட்ட மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. இந்த மாசத்துக்குள்ள நம்ம டீம்ல ஒருத்தரைக் குறைக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அதுக்காகத்தான் அந்தப் படியை எடுக்கச் சொன்னது. யார் பேரைக் கொடுக்கறதுன்னு தெரியாம நான் தவிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப உங்க விஷயத்தைச் சொன்னா, ‘அப்ப கணக்கு சரியாப் போச்சே, விடுங்க’ங்கறாங்க.”

“நான் போகணும்னு யாரும் சொல்லலையே மேடம்!”

“சொல்லல சார். ஆனா உங்களைத் திரும்ப எடுக்கணும்னா, பதிலுக்கு நான் இன்னொரு பேர் கொடுக்கணுமாம். நீங்களே சொல்லுங்க. யார் பேரைக் கொடுக்கட்டும்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் அவருக்காக இன்னும் உதவி மையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் மனைவியின் காலை நினைத்தார். உதட்டை நனைத்துக்கொண்டார்.

மேனேஜர் சட்டென்று எழுந்துவிட்டார். “உங்ககிட்ட நான் இதைக் கேட்டிருக்கவே கூடாது. நீங்க யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டீங்க. நீங்க ரொம்ப நல்லவர் சார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையில் பாதி துக்கம் என்றால் பாதி நிம்மதி, அதைக் குறை சொல்லவும் முடியாது.

விஷயம் அதற்குள் பரவிவிட்டது. எல்லோரும் வாசல்வரை வந்தார்கள். எதிர் நாற்காலிக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். “எங்களுக்காகப் போறீங்களே சார்” என்று டீச்சர் தேம்பித் தேம்பி அழுதாள். அவரால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு வெடித்தாள்.

“யார் பேரையாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நீங்க நல்லவர்னு பேர் வாங்க, நான் போய்க் கடையில நிக்கணுமா?”

“நான் நல்லவன்லாம் இல்ல.” அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “டீச்சர்னு சொல்றதுக்கு வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள மேடம் எழுந்துட்டாங்க.”

அவள் காலை நீட்டித் தடவிவிட்டுக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் சீக்கிரம் திறந்திருக்கலாம்” என்றாள்.

அவர் ஆமாம் என்றார்.