சிங்கப்பூர் – திருச்சி: ஒன்றரை மணி நேரம்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மேரியம்மா என் வீட்டு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், தையல் கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு பேப்பர். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது – யாரோ வசமாக மாட்டிக்கொண்டார்கள்!

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. என் பையன் எங்கிட்ட என்னமோ மறைக்கிறான்."

பையன் ஜெரால்டுக்கு சிங்கப்பூரில் வேலை. அவன் சம்பாத்தியத்தில் இங்கே புது வீடு எழும்பிவிட்டது. இனி மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டும், குடிபோக வேண்டும். வீட்டைக் கட்டிய பிள்ளை இல்லாமல் எப்படி? ஆனால் அவன் போனில் சொல்லிவிட்டானாம்... "ரெண்டு நாளுக்காக அவ்வளவு தூரம் அலைய முடியாதும்மா. நீங்களே முடிச்சிருங்க."

பேப்பர், போன தடவை வந்தபோது அவன் விட்டுவிட்டுப் போன விமான டிக்கெட். சிங்கப்பூரில் காலை ஒன்பதுக்குக் கிளம்பி, திருச்சியில் பத்தரைக்கு இறங்கியிருக்கிறான்.

"ஒன்றரை மணி நேரம் சார்! நம்ம பஸ்ஸு திருச்சிக்குப் போற நேரம். இதுவா தூரம்?"

"அதானே!" என்றேன்.

"இருங்க, திரும்பிப் போனதைப் பாருங்க." திருச்சியில் பகல் பதினொன்றரை. சிங்கப்பூரில் சாயங்காலம் ஆறு.

"வர்றதுக்கு ஒன்றரை, போறதுக்கு ஆறரை. நடுவுல அஞ்சு மணி நேரம் எங்க இறங்குனான்? யார் வீட்டுக்குப் போனான்?"

சிரிக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் போர்டு பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நானோ, பால் பாக்கெட்டில் தேதியை மூன்று முறை பார்த்துவிட்டுக் கத்தரிக்கிற ஆள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் கூட்டிக் கழித்தேன். அதே அஞ்சு மணி நேரம் உதைத்தது. ஆஹா, ஏதோ இருக்கிறது! பயல் அங்கே தனிக் குடித்தனமே வைத்திருப்பானோ?

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "சிங்கப்பூர்ல மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுதுங்க. வாரா வாரம் பத்திரிகையில எழுதுறவருக்கு இதுகூடவா தெரியாது?"

மானம் போயிற்று. அசடு வழிய மறுபடி கணக்குப் போட்டேன். போகவும் நாலு மணி நேரம், வரவும் நாலு மணி நேரம். அவ்வளவுதான்.

"அப்ப அவன் எங்கயும் இறங்கலையா?"

"இல்லைங்க. நேராத்தான் போயிருக்கான்."

நிம்மதியாகப் போய்விடுவார் என்று நினைத்தேன். மேரியம்மா பேப்பரை நாலாக மடித்தார். போகவில்லை.

"சரி சார், நாலு மணி நேரமே இருக்கட்டும். எம் பொண்ணு ஸ்டெல்லா மெட்ராஸ்லேருந்து பஸ்ல வர எட்டு மணி நேரம் ஆகுது. கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு மாசா மாசம் வந்துட்டுப் போறா. அவ ஒரு நாளாவது தூரம்னு சொல்லியிருக்காளா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"சாமியார்கிட்ட நான் தேதி கேக்கப் போறதில்ல. அவன் வர்ற வரைக்கும் வீடு பூட்டியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டார்.

வந்ததே கோபம் எனக்கு! பெற்றவளைப் பார்க்க வர நாலு மணி நேரம் தூரமாமே? ஜெரால்டுக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்பதென்று எழுந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் அக்கா திருவையாற்றில் இருக்கிறாள். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். நான் போய் ஒரு வருஷமாகிறது.