மடுவத்துக்கு மேலே யாருடைய பாதை?

ஒரே ஒரு மலையிலே ஒரே ஒரு ரோடாம். அந்த ரோட்டுக்கு மூணு ராசாவாம். ரோடு உடைஞ்சு போச்சுன்னு சனங்க போய்ச் சொன்னா, மூணு ராசாவும் "அது என்னோடது இல்ல"ன்னு சொன்னாங்களாம்.

கதை கேட்டு வளர்ந்தவனுக்கு எதைச் சொன்னாலும் இப்படித்தான் தொடங்க வருகிறது. ஆனால் இது கதையில்லை. நான் பொகவந்தலாவை பஜாரில் ஓட்டோ ஓட்டுகிறேன். தோட்டத்துப் பாதையில் ஆள் ஏற்றி ஹயர் போகிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல போகாதுங்க" என்று திட்டு வாங்காமல் சொல்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் போல் தோட்டத்துப் பாதையில் வண்டிச் சில்லு உடைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சீதனம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மெயின் ரோட்டிலிருந்து கொழுந்து மடுவம் வரைக்கும் பாதை நன்றாக இருக்கும். கொழுந்தை நிறுக்கிற இடம் அது. லொறி அங்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். மடுவத்துக்கு மேலே மேல்கணக்கு என்கிற பிரிவின் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அங்கே லொறிக்கு வேலை இல்லை, ஆட்கள்தான் இருக்கிறோம். அதனால் மடுவத்தோடு பாதை முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது மழைத் தண்ணீர் வெட்டிய கான்.

ஒருநாள் மேல்கணக்குக்குப் பெண் பார்க்க அட்டன் பக்கமிருந்து வந்தவர்களை ஏற்றினேன். மாப்பிள்ளை, அம்மா, அத்தை, மடியில் பழத்தட்டு. மடுவத்தில் நிறுத்தினேன். "வீடு எங்க தம்பி?" என்று அத்தை கேட்டார். நான் மேலே கையைக் காட்டினேன். அத்தை அண்ணாந்து பார்த்தார், பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். திரும்பி வந்தபோது தட்டு காலி, முகத்தில் சிரிப்பு. பெண் பிடித்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொண்ணுக்கு என்னா கொறை? சீதனம் ஒன்னும் வேணாம்னு சொல்லிட்டோம். கல்யாணத்துக்கு முந்தி அந்த ரோட்ட மட்டும் போட்டுத் தரச் சொல்லு!"

கேட்

தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் தோட்டம் ஒரு இரும்பு கேட் போட்டது. "தனியார் பாதை. அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்று போர்டும் வைத்தது. வாச்சர் என்னை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்டார். அவர் எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். காலையில்தான் பீலித் தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் நின்று முகம் கழுவினோம். "நீங்க வீட்டுக்குப் போற எடத்துக்குத்தான் மாமா" என்றேன். அவருக்கும் வெட்கமாகிவிட்டது, கேட்டைத் திறந்தார். பின்சீட்டில் மாவு மூட்டையோடு இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"பாதைக்கு கேட் போட்டுட்டாங்க. பாதையத்தான் இன்னும் போடல."

யோகனின் ஊர்வலம்

மேல்கணக்கில் யோகன் என்று ஒருவன். என் வயதுதான். கொழும்பில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீடு வந்தான். சக்கர நாற்காலி ஒன்று கிடைத்தது. அதில் அவன் போகக்கூடிய தூரம் லயத்து வாசல் மட்டும். சும்மா கிடக்கப் பிடிக்காமல், உடைந்த போன்களை வாங்கிக் கழற்றிக் கழற்றி ரிப்பேர் வேலை பழகினான். நான்தான் பஜாரிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் கைவேலையைப் பார்த்துவிட்டு, போன் கடை முதலாளி ஒருவர் சொல்லி அனுப்பினார்: பொங்கல் கழிந்ததும் கடையில் இடம் தருகிறேன், ஆனால் தினமும் கடை திறக்கும்போது ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பையனைப் பார்ப்பேன்.

கிளினிக்குக்குப் போகிற நாட்களில் அவனை ஒரு மரக்கதிரையில் உட்காரவைத்து, இரண்டு மூங்கிலைக் கட்டி, நாலு பேர் மடுவம் வரைக்கும் தூக்கி வருவார்கள். வழி முழுக்க யோகன் வாய் ஓயாது. "ஏய், எடது பக்கம் சாயுது! பின்னுக்குப் புடிச்சிருக்கிறவன் காலையில திங்கலியா?" சிரிக்கச் சிரிக்கத் தூக்குவார்கள். முதலாளி சொல்லி அனுப்பிய பிறகு ஒருநாள், அவனை என் வண்டிக்குள் ஏற்றி, கதிரையை எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பியதும், அவன் சிரிப்பு நின்றது. காலையில் பேர் கொடுத்துப் பெரட்டுக்குப் போகிறவர்கள் தினமும் இப்படி வேலையை விட்டுவிட்டுத் தூக்க முடியுமா? முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"சாமியவே வருசத்துல ஒருக்காத்தான்டா தூக்குறாங்க. என்னைய தினமும் எவன் தூக்குவான்?"

இரண்டு ஆபீஸ்

யோகனுக்கு ராசாத்தி என்று ஒரு அக்கா. மேல்கணக்கில் கொழுந்து எடுக்கிறவர். தம்பிக்கு வந்த வேலையை விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நின்றார். அவரை ஏற்றிக்கொண்டு பிரதேச சபைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷன். கதிரை போட்டு உட்காரவைத்து, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டார். "மல்லி, அது தனியார் பாதை. முந்தி தோட்டத்துக்குள்ள நாங்க ஒரு கூடை மண்ணு கூடப் போட ஏலாது. இப்ப ஏலும். ஆனா தோட்டம் பாதைய எங்களுக்குக் கையளிக்கணும்" என்றார்.

அங்கிருந்து தோட்டத்து ஆபீசுக்கு. அங்கே கதிரை இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றோம். "கையளிக்க இது எங்க காணியா? அரசாங்கத்துக் காணி. நாங்க குத்தகைக்காரங்க" என்றார் பெரிய கிளாக்கர். அரசாங்கத்தில் யாரைக் கேட்பது என்றால், கம்பனியின் கொழும்பு ஆபீஸ்தான் கேட்க வேண்டுமாம். அப்படியென்றால் நாங்களே கல் போட்டுக்கொள்கிறோம் என்று ராசாத்தி அக்கா சொன்னார். கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கம்பனிப் பாதையில அனுமதி இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அக்கா திரும்பி நடந்தார். வண்டியில் ஏறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் பேசினார்.

"ரிப்பேர் பண்ணுங்கன்னா ஒருத்தனுக்கும் சொந்தமில்ல. நாங்க கைய வச்சா மட்டும் சொந்தக்காரன் எங்கேயிருந்துடா வாரான்?"

ஞாயிறும் திங்களும்

அனுமதி இல்லாமலே கை வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்கணக்கே இறங்கியது. ஆற்றிலிருந்து கல் சுமந்து வந்து குழிகளை நிரப்பினோம். வாச்சர் மாமா வந்து, தான் இந்தப் பக்கம் வரவே இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கோப்பை பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். மாலையில் என் ஓட்டோ பாதித் தூரம் ஏறியது. பிள்ளைகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

மறுநாள் நான் ஹயர் முடித்து மடுவத்துக்கு வந்தால், பாதையில் எங்கள் கல் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாம் ஓரமாகக் குவிந்து கிடந்தது. கடப்பாரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் வேறு யாருமில்லை, முதல்நாள் என்னோடு கல் சுமந்தவர்கள்தான். காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை அவர்களையே கூப்பிட்டு, கல்லை எடுக்கச் சொல்லி அன்றைய வேலையாகக் கொடுத்திருக்கிறார். "என்னாண்ணே இது?" என்றேன். அவர்களில் ஒருவரான மாரிமுத்து அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"நேத்து சும்மா போட்டோம், இன்னைக்குச் சம்பளத்துக்கு எடுத்தோம். அடுத்த ஞாயித்துக்கெழம திரும்பப் போடுவோம் தம்பி. யாருக்கு முதல்ல அலுக்குதுன்னு பாத்துருவோம்."

போர்டைப் படித்தவர்கள்

அலுத்தது மழைக்குத்தான். அது இறங்கி, போட்டது, எடுத்தது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. பொங்கல் வேறு நெருங்கிவிட்டது. கடையில் இடம் இருக்கிறதா என்று இன்னொரு பையன் வந்து விசாரித்ததாக முதலாளி என்னிடம் சொன்னார். அதை யோகனிடம் சொல்ல எனக்கு மனமில்லை. ராசாத்தி அக்காவிடம் சொன்னேன்.

கொழுந்து மலைகள் லயங்களுக்கும் மேலே இருக்கின்றன. கொழுந்தை எடுத்து, மூட்டையைத் தலையில் வைத்து, லயத்தைத் தாண்டி, இதே பாதையில்தான் பெண்கள் மடுவத்துக்கு இறங்க வேண்டும். அந்த மடுவத்துச் சுவரில் ஒரு போர்டு தொங்குகிறது. தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்பதற்காகத் தோட்டமே எழுதித் தொங்கவிட்டது: "வழுக்கும் பாதையில் சுமை தூக்கக் கூடாது." அத்தனை நாளும் அதை ஒருவரும் மதித்ததில்லை. அன்று பகலில் ராசாத்தி அக்கா லயத்து முற்றத்தில் மூட்டையை இறக்கிவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பின்னால் வந்த பெண்களும் வரிசையாக இறக்கினார்கள்.

கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். அரைநாள் சம்பளம்தான் விழும் என்றார். "போடுங்க. கம்பனி சட்டத்த மதிச்சதுக்கு அரைநாள் வெட்டுனாங்கன்னு, வாற வெள்ளைக்காரங்ககிட்ட நாங்க சொல்லிக்கிறோம்" என்றார் அக்கா. ஆம்பிளைகளைத் தூக்கச் சொன்னார். மாரிமுத்து அண்ணன், "எங்களுக்கும் அதே போர்டுதானுங்களே" என்றார். மூட்டைக்குள் கொழுந்து சூடேறத் தொடங்கியது. கொழுந்து எந்த ஆபீசுக்காகவும் காத்திருக்காது. சூடேறினால் சிவந்துவிடும், சிவந்தால் குப்பை. தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரை மோட்டார் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு, வழுக்கி வழுக்கி ஏறி வந்தார். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். லொறியை மேலே கூப்பிட்டார். லொறி முதல் குழியிலேயே அச்சுவரைக்கும் இறங்கியது. டிராக்டர் வந்து இழுத்தது. கொழுந்தில் பாதி போய்விட்டது.

மறுநாளும் மூட்டைகள் முற்றத்தில் இறங்கின. அதற்கு அடுத்த நாளும். அந்த வாரமே கல் வந்தது, ரோலர் வந்தது, கான் வெட்ட ஆள் வந்தது. அனுமதி, குத்தகை, கொழும்பு எல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. முகத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று சின்னத்துரை மட்டும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தப் பாதை கொழுந்துக்காகத்தான் போடுறது. உங்களுக்காக இல்ல."

"பரவாயில்லைங்க சேர். கொழுந்து முன்னுக்குப் போகட்டும், பின்னாலேயே நாங்க வாரோம்" என்றார் ராசாத்தி அக்கா.

நாடா

பொங்கல் கழிந்து வேலை நாள் வந்தது. விடிந்ததும் என் ஓட்டோ மேல்கணக்கு லயத்து வாசலில் போய் நின்றது. யோகன் வெளுத்த சட்டையும் தலையில் எண்ணெயுமாக, நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். கையால் கம்பியைப் பிடித்து, உடம்பைத் தூக்கி சீட்டில் போட்டுக்கொண்டான். நான் தொடவில்லை. தொட்டிருந்தால் அடித்திருப்பான். நாற்காலியை மட்டும் மடித்து உள்ளே வைத்தேன். கடை திறந்தபோது நாங்கள் கதவடியில் இருந்தோம்.

மாலையில் அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பினால், லயத்துக்குக் கிட்ட பாதைக்குக் குறுக்கே சிவப்பு நாடா. ஒரு பிரதேச சபை உறுப்பினர் மாலையோடு நிற்கிறார். தன் பேர் எழுதிய போர்டையும் கொண்டுவந்து நட்டிருக்கிறார். பக்கத்தில் கமெராக்காரர். வேலை விட்டு வந்த பெண்கள் சுற்றிலும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பாதை போட்டபோது இவரை ஒருவரும் பார்த்ததில்லை. அவர் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, நாற்காலியைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "இந்தத் தம்பியே வெட்டட்டும்! படம் நல்லா வரும்." கத்தரிக்கோலை நீட்டினார்.

யோகன் அதை வாங்கவில்லை. "நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாரேங்க. தொறப்பு விழாவுக்கு வரல. வழி விடுங்க" என்றான். வண்டியை எடுக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. ராசாத்தி அக்கா வந்தார். நனைந்த துணி காய்கிற கொடியைத் தூக்குவதுபோல அந்த நாடாவை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அதன் கீழே நான் மெதுவாக வண்டியை விட்டேன். யோகன் வாசலில் இறங்கி, தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனான். அக்கா நாடாவை விட்டுவிட்டு அவன் பின்னால் போனார். மற்றவர்களும் அடுப்பு மூட்டப் போய்விட்டார்கள். கமெராவைத் தூக்கிக்கொண்டு நின்றவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு உறுப்பினரைக் கேட்டார்:

"சேர், இப்ப யாரப் படம் எடுக்கிறது?"

அவரும் கமெராவைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார். கடைசியாக உறுப்பினர் தன் போர்டைத் தானே பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு தடவைகூட வழுக்காமல் மடுவத்தைத் தாண்டி நடந்து போனார். அந்த அளவுக்குப் பாதையை நாங்கள் நன்றாகத்தான் போடவைத்திருக்கிறோம்.