இரவல் தங்கமும் சொந்தப் பாசிமணியும்

கலியாண வீட்டுக்குப் போனால் வாழ்த்த வேண்டும், சாப்பிட வேண்டும், வெற்றிலை போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். நான் போன மாதம் சண்டை பிடித்துவிட்டு வந்தேன்.

"இந்த வயதில உமக்கு இதெல்லாம் தேவையோ?" என்று என் கணவர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள்... நடந்ததை அறிந்த பிறகு கேளுங்கள்.

விசுவமடுவில் எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருப்பவள் கலா. பெற்றோர் மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டி, மிளகாய்த் தோட்டம் செய்கிறவர்கள். தகப்பன் மலேரியாவில் படுத்தபோது கலாவின் தோடும் சங்கிலியும் வைத்தியச் செலவுக்குப் போய்விட்டன. பிறகு காதுத் துவாரம் தூர்ந்துவிடாமல் ஈர்க்குத் துண்டு செருகிக்கொண்டு திரிந்தாள். இந்தப் பக்கத்தில் இப்போது எத்தனை பெண்பிள்ளைகளின் காதில் ஈர்க்கு!

அவளுக்கு முரசுமோட்டையில் மாப்பிள்ளை பொருந்தியது. பெயர் தியாகு. சைக்கிள் திருத்துகிறவன். நகை நட்டு ஒன்றும் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

ஒருநாள் கலா வந்து வாசலில் நின்றாள்.

"அன்ரி, கலியாணத்துக்கு வீட்டில இரவல் நகை வாங்கிப் போடச் சொல்லீனம். எனக்கு விருப்பமில்லை. நீங்கள் கோக்கிற மாதிரி ஒரு மாலை நானே கோத்துப் போடட்டோ?"

"இதுக்கு என்னட்டக் கேக்கோணுமே? வா உள்ளுக்கு" என்றேன்.

நான் பாசிமணி கோக்கிறவள். பெரிய வித்தையல்ல. வவுனியாவுக்குப் போகிறவர்களிடம் ஒரு மணிப் பக்கற் வாங்கி வரச் சொல்வேன். வழியில் சோதனை செய்கிற ஆமிக்காரர் அதையும் கொட்டிக் கிளறிப் பார்ப்பார்கள் — மணிக்குள் எதைத்தான் ஒளிக்கலாம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை! கோப்பதற்கு மீன்பிடிக்கிற தங்கூசி நூல். விறைப்பானது, ஊசி தேவையில்லை. கொளுக்கிக்கு, பழுதாய்ப்போன சைக்கிள் டைனமோவுக்குள் இருக்கும் செப்புக் கம்பி. மெல்லியது, முறுக்கித் தடிப்பாக்க வேண்டும். மணிகள் உருண்டு ஓடாமல் இருக்க ஈரத்துணி விரித்து அதன்மேல் கொட்டினால் சரி.

மண்ணெண்ணெய் விற்கிற விலையில் விளக்கு வைத்துக் கோக்க முடியுமா? பின்னேர வெளிச்சத்தில், மாமரத்தின் கீழ், கலா வெள்ளையும் சிவப்புமாக வடம் வடமாகக் கோத்தாள். ஒருதடவை நூல் நழுவி எல்லாம் மண்ணில் கொட்டிற்று. அவள் சுளகில் புடைத்து எடுத்து மறுபடி தொடங்கினாள். மாலை முடிந்ததும் காதுக்கும் தொங்கட்டான் செய்தாள். எல்லாவற்றையும் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

"வடிவா இருக்கோ அன்ரி?"

வடிவாகத்தான் இருந்தது. கூறைச் சேலையின் சிவப்புக்குச் சொல்லிவைத்துச் செய்ததுபோல.

கலியாண நாள். கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டிலில் பெண்ணை உடுத்தி முடித்த நேரம், மாப்பிள்ளையின் பெரியம்மா உள்ளே வந்தார். கலாவின் கழுத்தைப் பார்த்தார்.

"இதென்ன கோலம்? குறத்தி மாதிரி!"

குறத்தி என்றால் என்ன குறை? வெயிலில் நடந்து, தன் கையால் செய்ததை விற்றுச் சாப்பிடுகிறவள். திட்டுவதற்கு அந்தப் பெயர்தானா கிடைத்தது?

நான் வாய் திறப்பதற்குள் பெரியம்மா தன் கழுத்திலிருந்த பதக்கச் சங்கிலியைக் கழற்றி நீட்டினார். "இதைப் போடுங்கோ. சபையில எங்கட மானம் போகக் கூடாது."

"அது அவள் தானே கோத்தது..." என்று தொடங்கினேன். கலாவின் தாய் பவளம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்கம்மா. நல்ல நாளும் அதுவுமா நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

மகளின் மாலையை அவரே கழற்றி என் கைப்பைக்குள் வைத்தார். கலா குனிந்து பெரியம்மாவின் சங்கிலிக்குக் கழுத்தைக் கொடுத்தாள்.

தாலி ஏறியது. கமராக்காரத் தம்பியிடம் மிச்சமிருந்த பிலிம் ஒரேயொரு படத்துக்குத்தான் காணும். பெரியம்மா மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இடம்பிடித்து நின்றார். 'கிளிக்' என்றது. முடிந்தது.

பந்தி தொடங்கவில்லை. ஆட்கள் கலையவில்லை. பெரியம்மா நேரே பெண்ணிடம் போனார்.

"பிள்ளை, சங்கிலியைத் தாங்கோ. நான் வேளைக்கு வீட்டுக்கு வெளிக்கிடோணும்."

சொல்லிக்கொண்டே கையை வைத்துவிட்டார். கொளுக்கி கலாவின் கொண்டையில் சிக்கிக்கொண்டது. இழுத்தார். புதுப் பெண், மாலையும் கழுத்துமாக, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள்... சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது!

மானம் போகக் கூடாது என்றாரே, யாருடைய மானம்?

சங்கிலி விடுபட்டதும் கலா நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் நடுங்கவில்லை.

"அன்ரி, என்ர மாலையைத் தாங்கோ."

கொடுத்தேன். அவளே போட்டுக்கொண்டாள்.

"திரும்பவும் அதையோ! சனம் என்ன கதைக்கும்?" என்றார் பெரியம்மா.

அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. "சனம் இவ்வளவு நேரமும் உங்கட சங்கிலியைப் பாத்தது. இனி இவளைப் பாக்கட்டும்!" என்று கத்தினேன். கோயில் வீதிவரை கேட்டிருக்கும். பெரியம்மாவும் சும்மா இருக்கவில்லை. கலியாண வீட்டில் வந்து வாய் காட்டுகிறவள் என்றார். ஓம், காட்டுவேன் என்றேன். பவளம் அழத் தொடங்கிவிட்டார். கடைசியில் தியாகுதான் எழுந்து வந்தான்.

"பெரியம்மா, பந்தி வைக்கினம். சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றான் மெதுவாக. பிறகு கலாவின் பக்கம் திரும்பி, பின்கழுத்தில் சரியாக மாட்டாமல் கிடந்த கொளுக்கியை மாட்டிவிட்டான்.

பெரியம்மா சாப்பிடாமலே போய்விட்டார். ஊரில் பாதிப் பேர் என்னில் பிழை என்கிறார்கள். சொல்லட்டும். இரண்டு மணி நேரத்துக்கு இன்னொருத்தியின் தங்கத்தைப் போட்டு ஊரை ஏய்த்தால் அது கௌரவமாம். தன் கையால் கோத்ததைப் போட்டு உள்ளபடி நின்றால் அது வெட்கமாம். இந்தப் பொய்யில் எல்லோரும் கூட்டு. கொடுக்கிறவருக்கும் தெரியும், போடுகிறவளுக்கும் தெரியும், பார்க்கிற சனத்துக்கும் தெரியும். பிறகு யாரை ஏமாற்றுகிறோம்? யுத்தத்தில் வீடு, வளவு, கூரைத் தகடு எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். இந்தப் பொய்யை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்!

எனக்கு மனதில் அறுத்துக்கொண்டிருந்தது அந்தப் படம்தான். பிலிம் முடிந்துவிட்டது. இருக்கிற ஒரேயொரு கலியாணப் படத்தில் அந்தப் பிள்ளை காலம் முழுவதும் வேறொருவரின் சங்கிலியோடு நிற்கப் போகிறாள். அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். நாளைக்குப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வாள்?

நேற்று இருவரும் சைக்கிளில் வந்தார்கள். கலாவின் கழுத்தில் தாலிக் கயிறும் அவள் கோத்த மாலையும். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"படம் கழுவி வந்திட்டுதோ தம்பி?"

"ஓம் அன்ரி, வந்தது" என்றான் தியாகு. "பெரியம்மாவிட்டயே குடுத்திட்டன். அவாவும் அவாவின்ர சங்கிலியும்தான் அதில வடிவா விழுந்திருக்கு."